ஐம்பதுக்கு மேல் எழுபத்தைந்து

‘கிளாரா நோர்டா’ என்ற கப்பல் யூரியா மூட்டைகளோடு தூத்துக்குடி வெளித்துறைக்கு வந்து சேர இன்னும் எழுபத்தோரு மணி நேரம் இருந்தது. அது வந்ததும் கரையிலிருந்து அதனுடன் பேச வேண்டிய ரேடியோ செட், கப்பல் ஏஜெண்டு தளவாய் அன் கோ அலுவலகத்தின் உள்மேசையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது.

அதன் வாயைத் திறக்க வைப்பது ஸ்டோர் கிளார்க் வெள்ளத்துரையின் பொறுப்பு. செட்டிலிருந்து மாடி ஏரியலுக்குப் போகும் கேபிளை வாங்கியவன் அவன் என்பதே காரணம். செட்டை விற்ற பம்பாய் கம்பெனி அனுப்பிய பட்டியலில் ‘ஐம்பது ஓம்ஸ், தடித்த ரகம், பதினைந்து மீட்டர்’ என்று இருந்தது. அவன் அதை அப்படியே எழுதி வரவழைத்தான். சொந்தமாக ஒன்றும் யோசிக்கவில்லை. இந்த அலுவலகத்தில் பதினொரு மாதம் தாக்குப்பிடித்தது அப்படித்தான்.

பன்னிரண்டாவது மாதம் அவனை நிரந்தரம் செய்ய வேண்டும். அதற்கான கடிதம் டைப் அடித்து முதலாளி தளவாயின் மேசை இழுப்பறையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கப்பலோடு பேசிவிட்டால் கையெழுத்து. பேசாவிட்டால் ஆறுமுகநேரிக்குப் போய் அப்பாவோடு உப்பு அள்ளலாம் என்று தளவாய் சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை காலை பூஜை குறைவில்லாமல் நடந்தது. செட்டின் நெற்றியில் சந்தனம், குங்குமம். தலையில் எலுமிச்சம்பழம். மாடியில் நின்ற ஏரியலுக்கு ஒரு மாலை. திருச்செந்தூரில் வைத்து எடுத்து வந்த மஞ்சள் கயிற்றைத் தளவாய் தம் கையாலேயே மைக்கின் இடுப்பில் ஏழு சுற்றுச் சுற்றி, யாரும் அவிழ்க்க முடியாதபடி இறுக்கி முடிந்தார். சுவிட்சைப் போட்டதும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள்.

“இஸ்மாயிலு, தளவாய் பேசுதேன். கேக்குதா?”

இஸ்மாயில் கம்பெனியின் லாஞ்சை ஓட்டுகிறவர். இரண்டு பர்லாங் தள்ளிப் படகுகள் கட்டும் பழைய ஜெட்டியில், இதே மாதிரி இன்னொரு செட்டை வைத்துக்கொண்டு பதில் சொல்லக் காத்திருந்தார். பதில் வரவில்லை. தளவாய் மைக்கை அமுக்கிப் பிடித்துப் பேசிப் பார்த்தார். கீழே வைத்துக் காத்துப் பார்த்தார். பத்து முறை ஆயிற்று.

“செவப்பு லைட்டு எரியுது. மிஷின் நல்லாத்தான் இருக்கு. ஒயர்லதான் கோளாறு” என்று தீர்ப்புச் சொன்னார்.

மூலையில் இருந்த டைப்பிஸ்ட் அற்புதமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டெலிபோன் அடித்தது. அவள் மூடிக்கொண்டாள். அற்புதமணி பி.எஸ்ஸி. பிசிக்ஸ். செட்டோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை முதலாளி அவளிடம்தான் கொடுத்திருந்தார், தூசி படாமல் வைத்திருக்க.

வெள்ளத்துரை ஜெட்டிக்கு நடந்தான்.

“எல்லாம் கேட்டுச்சு தம்பி” என்றார் இஸ்மாயில். “நானும் பதில் சொல்லிச் சொல்லித் தொண்ட வத்திப் போச்சு.”

“அங்க ஒண்ணும் வரலியே, பாய்.”

“மொதலாளி மூச்சு விடாமப் பேசுதாவ. நடுவுல நமக்குக் கொஞ்சம் எடம் விட்டாத்தான?”

தளவாய் இருபது வருடமாக அப்படித்தான் பேசுகிறார் என்பதால் வெள்ளத்துரை இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்மாயிலுக்குக் கேட்கிறது, அவர் சொல்வது வரவில்லை என்பதை மட்டும் திரும்பி வந்து சொன்னான்.

தளவாய் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். கப்பல் தொழிலில் பெரிய முடிவுகளை எல்லாம் அவர் அப்படித்தான் எடுப்பார்.

“அப்ப, போவுது. வரத்தான் மாட்டேங்குது. இந்தக் கேபிளு எத்தன?”

“அம்பது, மொதலாளி.”

“போறதுக்கு அம்பது போதும். வாறது எதுத்துல்லா வரணும்? அதுக்கு எப்படிலே அம்பது பத்தும்?”

பம்பாய்க்காரன் ஐம்பது என்றுதான் எழுதியிருக்கிறான் என்று வெள்ளத்துரை நினைவுபடுத்தினான். பம்பாய்க்காரன் விற்கிறவன், குறைத்துத்தான் கொடுப்பான் என்றார் தளவாய். எதிர்த்த அலுவலகத்து ஆவுடையப்பன் அண்ணாச்சி இரண்டு வருடமாக இதே மாதிரி செட் வைத்திருக்கிறார், அவருடைய ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றான் வெள்ளத்துரை. அப்படிச் சொன்னதற்கு உடனே வருத்தப்பட்டான். கப்பல் முழுகினாலும் முழுகட்டும், ஆவுடையப்பனிடம் கேட்பதில்லை என்பது தளவாயின் கொள்கை. கிளாரா நோர்டாவுக்கு இருவரும் போட்டி போட்டார்கள். தளவாய் தம் குடோன் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று எழுதிக் கொடுத்து அதைப் பிடித்திருந்தார்.

“எழுபத்தஞ்சு இருக்காம்லா? அத வாங்கிட்டு வா.”

போகும்போது இன்னொரு உத்தரவும் பிறப்பித்தார். செட்டை யாரும் அணைக்கக் கூடாது. பதில் எந்த நேரம் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் அல்லவா? காலையில் போட்டால் அலுவலகம் பூட்டும்வரை ஓடட்டும். ஓடியது. சாயங்காலத்துக்குள் அதன் தலை நன்றாகச் சூடாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தைத் தள்ளிவிட்டு டீ கிளாஸை வைத்தால் ஆறுவதில்லை என்பதை, அலுவலகம் பெருக்கி டீ வாங்கி வரும் பேச்சித்தாய் கண்டுபிடித்தாள். மிஷினால் அதுவரை கிடைத்த பலன் அது ஒன்றுதான்.

எழுபத்தைந்து காயல்பட்டினத்தில் இருந்தது. வெளிநாட்டுச் சாமான் வியாபாரி ஜக்கரிய்யாவின் வீட்டுக் கூடத்தில், துபாயிலிருந்து மருமகன் அனுப்பிய டி.வி. ஒன்று பூவேலை செய்த துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. இந்தப் பக்கத்தில் எங்கும் இன்னும் டி.வி. ஒளிபரப்பு கிடையாது. ஒளிபரப்பு வந்தால் மாட்டலாம் என்று நாற்பது மீட்டர் கேபிளைச் சுருட்டிப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

“இது படம் வாங்குறதுக்கு உள்ளது தம்பி. ஒங்க பொஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?”

“அம்பது.”

“அப்ப அம்பதுதான வாங்கணும்?”

“மொதலாளிக்குக் கூடுதலா வேணுமாம்.”

ஜக்கரிய்யா சுருளை உடனே கொடுத்துவிடவில்லை. “ஒயரு ரேடியோவுக்கா, மொதலாளிக்கா?” என்று கேட்டார். வெள்ளத்துரை நேர்மையாகப் பதில் சொன்னான். அவர் சுருளை எடுத்துக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐம்பதைக் கழற்றி எழுபத்தைந்தை மாட்டினார்கள். விளக்கு எரிந்தது. பதில் வரவில்லை. பதினொரு மணிக்குப் பேச்சித்தாய் டீயோடு வந்தாள். ஜெட்டி டீக்கடையில் எல்லோரும் தம்பியை விசாரித்தார்கள் என்றாள்.

“என்ன விசாரிச்சாவ?”

“ஆறுமுகநேரிக்கே போயிருதியாமே, பாவம்னாவ.”

வெள்ளத்துரை டீயைக் கீழே வைத்தான். ஆறுமுகநேரி விஷயம் முதலாளி அன்று காலை இந்த அறைக்குள் அவனிடம் மறுபடியும் சொன்னது. சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவன் அற்புதமணியைச் சந்தேகத்தோடு பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதமாக இந்த அறைக்குள்ளேயே பேசாதவள் ஜெட்டிக்குப் போய்ப் பேசுவாளா என்று அவனுக்கே தோன்றியது.

தளவாய் இதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். அலுவலகப் பேச்சு வெளியே போகிறது. யாரோ ஜன்னலில் காது வைக்கிறார்கள். தெருப்பக்க ஜன்னல்களை எல்லாம் அடைக்கச் சொன்னார். ஐப்பசிப் புழுக்கத்தில் அறை அவிந்தது. இனிமேல் முக்கியமான பேச்சு எதுவானாலும் உள்மேசையில்தான், அதுவும் தாழ்ந்த குரலில் என்று ஏற்பாடாயிற்று. உள்மேசை செட் இருந்த மேசை. குடோன் ஃபைல் மின்விசிறிக்குப் பறக்காமலிருக்க அதன்மேல் மைக்கைப் பாரம் வைத்தார்கள்.

முதல் முக்கியப் பேச்சு குடோனைப் பற்றியே இருந்தது. தளவாய் ஃபைல்மேல் குனிந்து, கிட்டத்தட்டக் காதோடு பேசினார்.

“மொத்தம் எத்தன ஓட்டைலே?”

“பதினேழு, மொதலாளி. மழ பெஞ்சா யூரியா கரைஞ்சு ரோட்டுக்கு வந்திரும். தகரத்த மாத்திட்டாத் தேவல.”

“நிரந்தரம் ஆனப்பொறம் புத்தி சொல்லு. இப்ப உள்பக்கமாத் தார்ப்பாயக் கட்டு. அண்ணாந்து பாத்தா மச்சு மாதிரி இருக்கணும்.”

அன்று மத்தியானம் வெள்ளத்துரை சாப்பிடப் போனபோது, எதிர்த்த அலுவலகத்துக் காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்: “பதினேழு ஓட்டையாமே?”

வெள்ளத்துரை திரும்பி வந்து தளவாயிடம் இதைச் சொன்னான். அவர் கதவையும் அடைக்கச் சொன்னார். சுவரில் பழைய காலத்து டெலிபோன் கம்பி போன ஒரு துளை இருந்தது. அதில் காகிதம் திணித்தார்கள். பேச்சித்தாய் வந்தால் மட்டும் திறப்பது. பேச்சித்தாய் எழுதப் படிக்கத் தெரியாதவள், அவளால் ஆபத்தில்லை என்று தளவாய் கணக்கிட்டார்.

கேபிள் பிரச்சினைக்கும் அவருக்கு விடை கிடைத்துவிட்டது. உயரம். ஆவுடையப்பனின் ஏரியல் இவருடைய ஏரியலைவிட ஆறடி உயரத்தில் நின்றது. மேலே வருகிற பதிலை எல்லாம் அது பிடித்துக்கொள்கிறது. மிச்சம் மீதிதான் கீழே இவருக்கு. ஆகவே ஏரியலை மாடியிலிருந்து பிடுங்கி, முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடோன் உச்சியில், கொடிக்கம்பத்தின்மேல் நட வேண்டும்.

புதன்கிழமை காலை நட்டார்கள். ஊரிலேயே உயரமான ஏரியல். மாலையும் புதிதாகப் போட்டார்கள். பிறகுதான் செட்டுக்கும் அதற்கும் நடுவில் எண்பத்தைந்து மீட்டர் இருப்பது தெரிந்தது. கேபிள் நாற்பது மீட்டர். மீதிக்கு வெள்ளத்துரை ரேடியோ ரிப்பேர் கடையில் கிடைத்த மெல்லிய கறுப்புக் கேபிளை வாங்கி வந்தான். அதன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று இப்போது அவன் பார்க்கவில்லை. எண்களில் அவனுக்கு நம்பிக்கை போயிருந்தது.

இரண்டையும் யார் இணைப்பது? எலெக்ட்ரீஷியன் முறுக்கி டேப் சுற்றினால் கடல்காற்றில் ஒரு வாரம் தாங்காது என்றார் தளவாய். தூத்துக்குடியில் எதையும் எதோடும் அறுந்துபோகாமல் இணைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான்: கஸ்பார் தண்டல். முப்பது வருடம் தோணி ஓட்டியவர். அவர் புரி பிரித்துப் பின்னிய கயிறு எங்கே இணைந்தது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

கஸ்பார் தண்டல் வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கேபிளின் தோலையும் சீவினார். உள்ளே செம்புக் கம்பியால் பின்னிய வலை இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இதுவரை இதை யாரும் ஒயர் என்று சொல்லியிருக்கக் கூடாது, நல்ல கயிறு என்றார். வலையைப் பிரித்தால் வெள்ளை பிளாஸ்டிக். அதற்குள் ஒற்றைக் கம்பி. பிளாஸ்டிக் வீண் பாரம் என்று நறுக்கி எறிந்தார். முக்கால் மணி நேரம் புரியோடு புரி சேர்த்து, ஊசி வைத்துக் குத்திக் குத்தி முக்கால் அடி நீளத்துக்குப் பின்னினார். மேலே தார் பூசிச் சணல் சுற்றினார்.

“நடுவுல கெடந்த ஒத்தக் கம்பி மட்டும் என்ன பாவம் செஞ்சிச்சு? அதயும் சேத்துப் பின்னிட்டேன், தம்பி. இனி ஆன கட்டி இழுத்தாலும் வராது.”

ஆனை இல்லாததால் இரண்டு சுமைதூக்கிகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தளவாய் தண்டலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

விளக்கு எரிந்தது. பதில் வரவில்லை. வெள்ளத்துரை ஜெட்டிக்குப் போனபோது இஸ்மாயிலின் லாஞ்சைச் சுற்றி இரண்டு நாளாக இருந்த கூட்டத்தைக் காணோம். அவர் மட்டும் தனியாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கி ஒண்ணுமே கேக்கல தம்பி. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாவ.”

போய்க்கொண்டிருந்ததும் நின்றுவிட்டது என்பதை முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று அவன் வழியெல்லாம் யோசித்தான். ஆனால் தளவாய் நல்ல மனநிலையில் இருந்தார்.

“பாத்தியாலே? கதவ அடச்சோம். காலைலருந்து ஒரு வார்த்த வெளிய போவல. டீக்கடையில ஒருத்தனும் ஒண்ணும் கேக்கலயாம், பேச்சித்தாய் சொல்லுதா.”

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, பம்பாய் கம்பெனியின் டெலிபோன் நம்பரைத் தேடி வெள்ளத்துரை ஃபைலைப் புரட்டினான். ஒரு டைப் அடித்த தாள் கிடைத்தது. ‘பொருள்: கேபிளை மாற்ற வேண்டாம் என்பது குறித்து.’ திங்கட்கிழமை தேதி. கீழே அற்புதமணியின் பெயர். அதற்கும் கீழே தளவாயின் கையெழுத்து. பக்கத்தில் அவருடைய கையாலேயே ‘ஃபைலில் வைக்கவும்’.

அவன் தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான். இதை வாயால் சொல்லியிருக்கலாமே என்றான். சொல்ல வந்தேன், டெலிபோன் அடித்தது என்றாள். மூன்று நாளாகவா என்று அவன் கேட்கவில்லை. அவன் மட்டும் என்ன சொல்லிவிட்டான்?

ஐம்பதுக்கும் எழுபத்தைந்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டான்.

“அது சக்தி இல்லை சார், அளவு” என்றாள் அற்புதமணி. “செருப்பு மாதிரி. ஆறாம் நம்பர் காலுக்கு எட்டாம் நம்பர் வாங்கிட்டா வேகமா நடக்க முடியுமா? செட்டும் ஐம்பது, ஏரியலும் ஐம்பது. நடுவுல வர்றதும் ஐம்பதா இருந்தாத்தான் அலை தடுக்காமப் போகும். அளவு மாறுற இடத்துல கொஞ்சம் திரும்பி வந்துரும்.”

எட்டு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான் முதல் தடவை. நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. நடுக்கம்பிக்கும் சுற்றியுள்ள வலைக்கும் இடையே இருக்கிற வெள்ளை பிளாஸ்டிக்தான் கேபிளின் உயிர், எத்தனை ஓம்ஸ் என்பதை அந்த இடைவெளிதான் முடிவு செய்கிறது என்றாள். மெல்லிய கேபிளில் பதினைந்து மீட்டர் போவதற்குள் பாதி சூடாகிக் கரைந்துவிடும், அடுத்த பதினைந்தில் மீதியில் பாதி என்றாள். அதனால் உயரத்துக்கு ஆசைப்பட்டு நீளத்தைக் கூட்டக் கூடாது. கூட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தடித்த ரகம் வேண்டும். நடுக்கம்பியும் வலையும் மட்டும் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

வெள்ளத்துரை ஜன்னல் இடுக்கு வழியாக, முற்றத்தின் குறுக்கே தொங்கிய கஸ்பார் தண்டலின் பின்னலைப் பார்த்தான்.

“தொட்டா?”

“ஒண்ணுமே போகாது சார்.”

இனி முதலாளி சம்மதிக்க வேண்டும். அதற்கு பிசிக்ஸ் உதவாது என்பது வெள்ளத்துரைக்குத் தெரியும். அவன் உள்மேசைக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பழைய ஐம்பதையே மாடியில் போட்டால் போதும் என்று முதலாளி மனதில் இருந்தது, நாங்கள்தான் புரிந்துகொள்ளாமல் எழுபத்தைந்து, உயரம் என்று அலைந்துவிட்டோம் என்றான்.

தளவாய் அவனை உற்றுப் பார்த்தார். “நான் அப்பமே சொன்னேன்லா” என்றார்.

வியாழக்கிழமை காலை ஏரியல் மாடிக்கே திரும்பியது. ஸ்டோரில் ஆணியில் தொங்கிய தடித்த கேபிளை எடுத்து, முனைகளை அற்புதமணியே சுத்தம் செய்து மாட்டினாள். உப்புக்காற்று ஏறாமல் இணைப்பில் மெழுகு வைத்து டேப் சுற்றினாள். ஒன்பது மணிக்குச் செட்டைப் போட்டார்கள். விளக்கு எரிந்தது. எவ்வளவு தூரம் போகும் என்று தளவாய் அவளிடமே கேட்டார். அவள் செருப்பிலிருந்து தொடங்கி முழுவதையும் இன்னொரு தடவை விளக்கினாள்.

“இருபது மைல் போகும் சார். வழியில ஒரு சொல்லும் வீணாகாது.”

பத்து மணி. தளவாய் மைக்கை எடுத்து அமுக்கினார். “கிளாரா நோர்டா, கிளாரா நோர்டா, தளவாய் அன் கோ காலிங்.” கீழே வைத்தார். காத்திருந்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

பத்தே கால். பத்தரை.

ஒரு முனகல்கூட வரவில்லை. அறை மூடிய பானை மாதிரி கொதித்தது. தளவாய் மைக்கைக் குடோன் ஃபைலின்மேல் வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தார். நிரந்தரக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்து, இரண்டையும் சேர்த்து வைத்து நான்காகக் கிழித்தார்.

“சாயங்காலம் பஸ்ஸப் புடி. உப்பு அள்ளுத பயலுக்கு ரேடியோவக் குடுத்தது என் தப்பு.”

வெள்ளத்துரை, கிழிந்த காகிதம் மின்விசிறிக் காற்றில் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்கே ஆச்சரியமாக, ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்தது.

“நான் போறேன், மொதலாளி. கேப்டன்கிட்ட மட்டும் குடோன் ஒழுகுதுன்னு சொல்லிருங்க. மழ இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கி.”

“கேப்டனா?” தளவாய் சிரித்தார். “எல்லாக் கப்பல்லயும் கேப்டன் ஒரே சாதிதாம்ல. குடோன் வாசலுக்கே கூட்டிட்டுப் போமாட்டேன். நேரா ஓட்டலு. சீமச் சரக்கு ரெண்டு பாட்டிலு ஜக்கரிய்யாட்ட சொல்லி வச்சிருக்கு. ராத்திரிக்குள்ள, குடோன சுத்திப் பாத்தேன், பிரமாதம்னு கையெழுத்துப் போட்டிருவான். அந்த ஆவுடையப்பன் நல்ல குடோன வச்சிக்கிட்டு ஈ ஓட்டட்டும்.”

கால் மணி நேரம் கழித்துக் கதவு தட்டப்பட்டது. பேச்சித்தாய். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்கள். அவள் டீ கிளாஸ்களைச் செட்டின் தலையில் வரிசையாக வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“வெள்ளத்துரைத் தம்பி, நீ ஊருக்குப் போவண்டாமாம். ஆவுடையப்ப அண்ணாச்சி நாளைலருந்து அங்கன வேலைக்கு வரச் சொல்லுதாவ. வந்தன்னைக்கே நிரந்தரமாம். செருப்பு வச்சு விளக்கம் சொல்லுச்சே இந்தப் புள்ள, அதயும் கூட்டிட்டு வரச் சொன்னாவ.”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவள் தளவாயின் பக்கம் திரும்பினாள்.

“கப்பலு எட்டு மணிக்கே வந்துட்டு, மொதலாளி. இங்கருந்து பதிலே இல்லன்னு கேப்டன் தொரையே போட்டுல ஏறி ஜெட்டிக்கு வந்துட்டாவ. கூட மணப்பாட்டுக்காரத் தம்பி ஒண்ணு வந்திருக்கு, கப்பல்ல ரேடியோ பாக்குதாம். அதுதான் ஒவ்வொண்ணா இங்கிலீசுல எடுத்துச் சொல்லுது. தொர குடிக்க மாட்டாவளாம். ஒங்ககிட்டச் சொல்லிரச் சொன்னாவ.”

தளவாயின் கை டீ கிளாஸுக்குப் பாதி வழியில் நின்றது.

அற்புதமணி மெதுவாகச் செட்டோடு வந்த புத்தகத்தை எடுத்தாள். அதில் கேபிளைப் பற்றி இருந்த பதினான்கு பக்கங்களும் அவளுக்கு மனப்பாடம். முதல் பக்கத்தை மட்டும் அவள் படித்ததில்லை. மைக்கை எப்படிப் பிடிப்பது என்பதுபோல அதில் ஏதோ இருந்தது, பி.எஸ்ஸி. முடித்தவளுக்கு அது எதற்கு? இப்போது படித்தாள். பொத்தானை அமுக்கினால் பேசலாம். விட்டால் கேட்கலாம். அமுங்கியிருக்கும்போது சிவப்பு விளக்கு எரியும்.

அவள் விளக்கைப் பார்த்தாள். மைக்கைப் பார்த்தாள். அதை யாரும் தொடவில்லை. அது ஃபைலின்மேல் சும்மா கிடந்தது. ஏழு சுற்று மஞ்சள் கயிற்றுக்குக் கீழே பொத்தான் உள்ளே போய் அமுங்கியே இருந்தது. அவள் வாயைத் திறந்தாள். வழக்கம்போலக் குரல் வரவில்லை.

தளவாய் முழுக் குரலில் கத்தினார். “ஏளா, கதவ அடச்சு, ஜன்னல அடச்சு, ஓட்டைய அடச்சு இங்கன பேசுறத அங்கன போயி யாருளா சொன்னா?”

பேச்சித்தாய் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“யாரு போயிச் சொல்லணும்? திங்கக்கெழமைலருந்து இங்கன பேசுற ஒவ்வொரு சொல்லும் ஜெட்டியில இஸ்மாயில் பாய் மிஷினுல கணீர்னு கேக்கு, நேத்து ஒரு நாளுதான் கேக்கல, இப்பவும் எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் நிக்காவ. அதுக்குத்தான மொதலாளி மிஷினு வாங்குனிய?”